கல்லு கெட்டுப் போச்சா, கண்ணு?

(மூன்றாம் ஆண்டு மாணவன், சிவில் பிரிவு)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மாணவர் மன்றச் செயலாளர் கேட்டபோது கவிதை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் காதல், நட்பு, பிரிவு மூன்றிலும் ஏற்கெனவே பதினேழு கவிதைகள் வந்து குவிந்துவிட்டனவாம். "வேற எதையாவது எழுதுடா, புண்ணியமாப் போகும்" என்றார். அதனால் ஒரு வீட்டைப் பற்றி எழுதுகிறேன். அது என் வீடு. அதில் பாதியை இடித்தவனும் நான்தான். கடப்பாரையால் அல்ல, வாயால்.

முதலாம் ஆண்டு ஹாஸ்டலில் சேர்ந்த புதிதில், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் உட்கார்ந்து ஊர்க் கதை பேசுவோம். ஒருவன் வீட்டில் மொசைக் தரை, இன்னொருவன் வீட்டில் மாடியில் தனி ரூம். என் முறை வந்தால் "ஓட்டு வீடு" என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வேன். சுவர் என்ன சுவர் என்று யாரும் கேட்கக் கூடாதே என்று மனசு அடித்துக்கொள்ளும். ஏனென்றால் எங்கள் வீட்டுச் சுவர் செங்கல் அல்ல, மண்ணும் அல்ல. நட்டு வைத்த கல் பலகை! ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து நண்பர்களுக்கு இது புரியும். தோட்டத்துக்கு வேலி போடவும், மாட்டுக் கொட்டகைக்கு மறைப்பு வைக்கவும் வரிசையாக நட்டிருப்பார்களே, அதே கல். கன்னடக்காரர்கள் 'சப்படி கல்லு' என்பார்கள். மாட்டுக்குக் கட்டுகிற மாதிரி மனுசனுக்கும் கட்டின வீடு என்று சொன்னால் சிரிப்பார்களே என்ற வெட்கம் எனக்கு.

அந்த வீட்டைக் கட்டியவர் என் தாத்தா. கல் உடைக்கிற வேலை அவருக்கு. ஏழு அடி உயரம், இரண்டு அடி அகலம், மூன்றரை அங்குலக் கனம். இப்படிப் பலகை பலகையாகக் கல்லைப் பிரித்து, வண்டியில் ஏற்றி வந்து, தோளோடு தோள் சேர்த்து நட்டிருக்கிறார். இடுக்குகளை மண் குழைத்து அடைத்திருக்கிறார். நாலு மூலையிலும் நடுவிலும் கல் கம்பம். கம்பத்தின் மேல் விட்டம், அதன் மேல் கைமரம், ரீப்பர், நாட்டு ஓடு. அவ்வளவுதான். பிளானும் கிடையாது, எஸ்டிமேட்டும் கிடையாது.

அந்தக் காலத்தில் வெடி வைக்காமலே கல்லை உரித்தார்கள் என்று பாட்டி சொல்லுவாள். பாறை மேல் விறகை வரிசையாக அடுக்கித் தீ மூட்டுவது. மேல் தோல் சூடேறி விரியும். அடியில் இருக்கிற கல் குளிர்ந்தே இருக்கும். விரிகிற கல்லும் விரியாத கல்லும் ஒன்றாக இருக்க முடியாது அல்லவா? இரண்டுக்கும் நடுவில் பிளவு விழும். சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். 'டங்' என்றால் இன்னும் பிரியவில்லை; 'டொப்' என்றால் பிரிந்துவிட்டது. பிரிந்த இடத்திலிருந்து தீயை மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டே போவார்கள். தோசை திருப்புகிற மாதிரி பெரிய பலகை அப்படியே கழன்று வரும். பிறகு வேண்டிய அகலத்துக்கு உளியால் வரிசையாகக் குழி எடுத்து, ஆப்பு அடித்துப் பிளந்துகொள்வார்கள். பெங்களூர் வட்டாரத்தில் இப்படி நெருப்பு வைத்துக் கருங்கல்லைப் பிரிப்பதைப் பார்த்து வியந்து, வார்த் என்பவர் 1895ஆம் ஆண்டு லண்டனிலிருந்து வரும் 'நேச்சர்' அறிவியல் இதழில் எழுதியிருக்கிறார். வெப்ப விரிவு என்று நாம் பிசிக்ஸில் ஐந்து மார்க்குக்குப் படித்ததை, படிக்காத நம் ஆட்கள் விறகை வைத்துச் செய்து காட்டியிருக்கிறார்கள்!

வீட்டின் கிழக்குப் பாதியில், உள் அறையில் ஒரு பலகை இருந்தது. அதில் தாத்தா உளியால் ஏழு கோடுகள் வெட்டி வைத்திருந்தார். ஒவ்வொரு பிள்ளை பிறந்தபோதும் ஒரு கோடு. அதில் இரண்டு கோடுகளுக்குக் குறுக்கே இன்னொரு கோடு. அந்த இரண்டும் தங்கவில்லை. சின்ன வயதில் அந்தக் கோடுகளின் மேல் விரலை ஓட்டி, "இது பெரியப்பா, இது நைனா, இது அத்தை" என்று எண்ணி விளையாடியிருக்கிறேன்.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

முதலாம் ஆண்டு முடிந்து லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். தாத்தா காலமானதிலிருந்து வீட்டில் கிழக்குப் பாதி பெரியப்பாவுக்கு, மேற்குப் பாதி எங்களுக்கு. பெரியப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"டேய், நீ சிவிலு படிக்கிறவன். சொல்லு. இந்த வூடு இன்னும் எத்தினி வருசம் நிக்கும்?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை அந்த வீட்டில் யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னேன்: "பெரியப்பா, இதுக்கு அஸ்திவாரமே கிடையாது. சிமென்ட் கிடையாது. கல்லுக்கும் கல்லுக்கும் பிடிப்பே இல்ல. இதெல்லாம் டெம்பரரி ஸ்ட்ரக்சர். எப்ப வேணா சாயும்."

டெம்பரரி ஸ்ட்ரக்சர்! அறுபது வருடத்துக்கு மேல் நின்ற வீட்டைப் பார்த்து, ஒரு வருடம் படித்த நான் சொன்னேன். அளந்தேனா? இல்லை. தூக்குக் குண்டு பிடித்துப் பார்த்தேனா? இல்லை. ஒரு கல்லின் அடியையாவது தோண்டிப் பார்த்தேனா? அதுவும் இல்லை.

மூலையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்த பாட்டி மட்டும் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். "கல்லு கெட்டுப் போச்சா, கண்ணு? அரிசி கெடும், பாலு கெடும். கல்லு எப்பிடிடா கெடும்?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். இன்றைக்கு அந்தச் சிரிப்பை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அடுத்த மூன்று மாதத்தில் பெரியப்பா கடன் வாங்கினார். அவருடைய பாதியைப் பிரித்தார்கள். ஜே.சி.பி. வந்து ஒரு பகலில் வேலையை முடித்துவிட்டது. பலகைகள் உடையவில்லை. வேலிக்கல் வியாபாரி வந்து எண்ணி எடுத்து, லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். அவற்றோடு ஏழு கோட்டுக் கல்லும் போய்விட்டது. நான் அப்போது ஹாஸ்டலில் இருந்தேன்.

எனக்குப் புத்தி வந்தது மூன்றாம் செமஸ்டரில். கட்டுமானப் பாடம் எடுக்கிற எங்கள் சார் ஒருநாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "ஓசூர்ல ஒரு கெனில்வொர்த் இருந்தது, தெரியுமா?" என்று கேட்டார். வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஏதோ கம்பெனி பெயர் என்றுதான் நினைத்தோம்.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 அடி உயரம். அந்தக் குளிர்ச்சி வெள்ளைக்காரர்களுக்குப் பிடித்துப்போயிற்று. மத்திகிரிப் பண்ணையை ராணுவக் குதிரைகளுக்காக 1824இலேயே தொடங்கிவிட்டார்கள். தளியை 'குட்டி இங்கிலாந்து' என்றார்கள். இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம் 2004இல் பிறந்தது. அதற்கு முன் 1965 முதல் தருமபுரி. அதற்கும் முன் நாம் சேலம் ஜில்லா. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்தச் சேலத்துக்குக் கலெக்டராக இருந்த பிரெட் துரை, இங்கிலாந்தில் வார்விக்‌ஷயரில் இருக்கும் கெனில்வொர்த் கோட்டையின் சாயலில் ஓசூரில் ஒரு மாளிகை கட்டினார். யாருக்காகக் கட்டினார் என்று ஊரில் பல கதைகள் உண்டு. கோட்டை மாதிரி கட்டிய அந்த மாளிகை பிற்பாடு பாழடைந்து போயிற்று.

"சரி, இங்கே உள்ள நகல் பாழாச்சு. அங்கே உள்ள அசல் என்ன ஆச்சு?" என்று சார் கேட்டார். அவரே சொன்னார். அதைக் கேட்டபோதுதான் எனக்குள் ஏதோ இடித்தது.

அசல் கெனில்வொர்த் 1120களில் கட்ட ஆரம்பித்த சிவப்பு மணற்கல் கோட்டை. 1575இல் எலிசபெத் ராணி அங்கே வந்து 19 நாள் தங்கினார். ராணியின் வரவுக்காகவே கோட்டையை ஆடம்பரமாக்கிய லெஸ்டர் பிரபு, வடக்குப் பக்கத்தில் ஒரு புதிய வாயில் மாளிகையையும் கட்டியிருந்தார். பிறகு உள்நாட்டுப் போர். 1649இல், எதிரி மறுபடி இதில் புகுந்துகொள்ளக் கூடாது என்று நாடாளுமன்றம் கோட்டையை உடைக்கச் சொல்லிவிட்டது. மிகப் பெரிய கோபுரத்தின் ஒரு பக்கச் சுவரையே தகர்த்தார்கள். ஆனால் அந்த வேலையைச் செய்ய வந்த கர்னல் ஹாக்ஸ்வொர்த், வாயில் மாளிகையை மட்டும் உடைக்கவில்லை. வண்டிகள் நுழையும் நடுவழியின் இரண்டு முனைகளையும் அடைத்து அறைகளாக்கி, உடைந்த அரண்மனையிலிருந்து ஒரு கணப்படுப்பைக் கொண்டுவந்து வைத்து, அதைத் தன் வீடாக்கிக்கொண்டார். கோட்டையின் வெளிமுற்றம் பண்ணையாயிற்று. ராணி தங்கிய மாளிகை இன்று கூரையில்லாத கூடு. வாசல் மட்டும் வீடாகி, 20ஆம் நூற்றாண்டு வரைக்கும் ஆள் குடியிருந்து, இன்றைக்கும் கூரையோடு நிற்கிறது!

"கவனிங்க. ரெண்டும் ஒரே கோட்டை. அப்புறம் எது நின்னது? எதுல அடுப்பு எரிஞ்சதோ, எதுல ஒழுகுற கூரையை வருசா வருசம் யாரோ ஒருத்தன் ஏறிப் பார்த்தானோ, அதுதான் நின்னது" என்றார் சார். பிறகு எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். ஐம்பது வருடத்துக்குக் குறையாத ஒரு கட்டடத்தை ஆளுக்கு ஒன்றாக எடுத்து, அளந்து, வரைபடம் போட்டு வர வேண்டும். "கோயில், கோட்டை வேண்டாம். ஆள் இருக்கிற வீடா இருக்கணும்."

எனக்கு வேறு வீடு தெரியாது. வெட்கத்தை விட்டுவிட்டு எங்கள் வீட்டையே எழுதிக் கொடுத்தேன். "கல்லு வீடா? நல்லது. ஆனா முதல்ல கல்லு வீடுன்னா என்னன்னு தெரிஞ்சுக்கோ" என்று சொல்லி, இங்கிலாந்தின் பழைய கல் பண்ணை வீடுகளைப் பற்றிய ஒரு புத்தகத்தை எடுத்து என் கையில் கொடுத்தார்.

அந்தப் புத்தகத்தின் வழியாகத்தான் ஒரு பழைய நண்பரைப் புதிதாகச் சந்தித்தேன். அவர் ஐசக் நியூட்டன். மூன்று விதிகளைச் சொல்லி நம்மைப் பாடாய்ப் படுத்தியவர் பிறந்தது ஒரு கல் பண்ணை வீட்டில்! லிங்கன்ஷயரில் உல்ஸ்தார்ப் என்ற சிற்றூர். 1623இல் அவருடைய தாத்தா வாங்கிய சொத்து. அங்கேதான் 1642ஆம் ஆண்டு, அந்நாளைய இங்கிலாந்து நாட்காட்டிப்படி கிறிஸ்துமஸ் நாளில், நியூட்டன் பிறந்தார். அப்பா மூன்று மாதத்துக்கு முன்பே இறந்திருந்தார். அந்த அப்பா ஒரு விவசாயி. தன் பெயரைக் கையெழுத்துப் போடத் தெரியாதவர். என் தாத்தாவுக்கும் கைநாட்டுதான். இதைப் படித்ததும் நியூட்டன் எனக்குச் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார்.

அந்த வீடு அந்தப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லில் கட்டியது. இந்த மாதிரிப் பண்ணை வீடுகளுக்கெல்லாம் கல் பக்கத்துக் குழியிலிருந்துதான் வரும். கல்லின் விலையைவிட வண்டிக்கூலி அதிகம். அதனால் எந்த ஊரில் எந்த மண்ணோ, அந்த ஊர் வீட்டுக்கு அந்த நிறம். சுவர் இரண்டு அடிக்குக் குறையாது. வெளிமுகம் ஒன்று, உள்முகம் ஒன்று என்று இரண்டு வரிசையாகக் கல்லை அடுக்கி, நடுவில் பொடிக்கல்லும் சாந்தும் நிரப்புவார்கள். இரண்டு முகமும் பிரிந்து சுவர் வயிறு தள்ளாமல் இருக்க, இடையிடையே குறுக்கே நீளக் கல் ஒன்றைக் கொடுப்பார்கள். த்ரூ ஸ்டோன் என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோமே, அதுதான் இது. மூலைகளில் மட்டும் பெரிய கல்லாகப் பார்த்துச் சதுரமாகச் செதுக்கி, ஒன்று நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும் மாற்றி மாற்றி வைப்பார்கள். காசு குறைவு என்பதால் செதுக்கு வேலை மூலைக்கும் கதவுக்கும் சன்னலுக்கும் மட்டும். மற்ற இடமெல்லாம் கிடைத்த கல். சன்னலுக்கு நடுவே கல்லாலேயே மெல்லிய தூண்கள் நிற்கும். மழையும் பனியும் வழுக்கி விழும்படி கூரை செங்குத்தாக இருக்கும். குளிர் தேசம் அல்லவா, வீட்டின் உயிரே கணப்படுப்பும் புகைக்கூண்டும்தான். இதில் ஒரு வேடிக்கை. 1696இலிருந்து 1851 வரை இங்கிலாந்தில் சன்னலுக்கு வரி இருந்தது. எத்தனை சன்னலோ அத்தனைக்குத் தகுந்த வரி! அதற்குப் பயந்து பலர் சன்னலைக் கல் வைத்து அடைத்துவிட்டார்கள். வெளிச்சத்துக்கு வரி போட்ட புண்ணியவான்கள்.

1665இல் கொள்ளைநோய் பரவி கேம்பிரிட்ஜை மூடியபோது நியூட்டன் இந்த வீட்டுக்குத்தான் திரும்பி வந்தார். சன்னலை மூடி, சிறு துளை வழியே வெயிலை விட்டு, பட்டகத்தில் அதைப் பிரித்துப் பார்த்த சோதனைகளை அவர் இங்கே செய்தார் என்கிறார்கள். சின்ன வயதிலேயே அவருக்குச் சுவரில் கிறுக்குகிற பழக்கம் இருந்திருக்கிறது. 2017இல் கூட, பல கோணங்களில் வெளிச்சம் பாய்ச்சிப் படம் எடுக்கும் முறையால், கண்ணுக்குத் தெரியாமல் மங்கிப்போயிருந்த காற்றாலைப் படம் ஒன்றை அந்தச் சுவரில் கண்டுபிடித்தார்கள். சிறுவன் நியூட்டன் கீறியதாக இருக்கும் என்று நம்புகிறார்கள். ஒரு பையன் கீறிய கோட்டைத் தேடி, முந்நூற்றைம்பது வருடம் கழித்து விளக்கு வைத்துப் பார்க்கிறார்கள்!

அந்த வரியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். எனக்கு ஏழு கோடுகள் ஞாபகத்துக்கு வந்துவிட்டன.

அந்த வாரமே ஊருக்குப் போனேன். ஐம்பது மீட்டர் டேப், ரசமட்டம், தூக்குக் குண்டு, உதவிக்கு ஹாஸ்டல் நண்பன் ஒருவன். மீதி இருந்த மேற்குப் பாதியை இரண்டு நாள் அளந்தோம். நண்பன் சிரிப்பானோ என்று பயந்தேன். அவன் சிரிக்கவில்லை. கல்லைத் தடவிப் பார்த்து, "டேய், இது ப்ரீகாஸ்ட் பேனல்டா!" என்றான். உண்மைதானே? தொழிற்சாலையில் வார்த்து வந்து நிறுத்துகிற சுவரைப் பற்றி நாம் புதுமை என்று படிக்கிறோம். அதையேதான் தாத்தா பாறையிலிருந்து உரித்து வந்து நிறுத்தியிருக்கிறார். கிருஷ்ணகிரிப் பக்கம் மல்லசந்திரம் மலையில், பெருங்கற்கால மனிதர்கள் இறந்தவர்களுக்காகப் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பலகையை மூடி வைத்த கல் அறைகள் வரிசையாக நிற்கின்றன. இந்த மண்ணுக்கு இது பழைய வித்தை.

தூக்குக் குண்டு பிடித்தோம். பதினான்கு பலகைகளில் பன்னிரண்டு, ஐந்தடி உயரத்துக்குக் கால் அங்குலம் கூடச் சாயவில்லை. ஒன்று முக்கால் அங்குலம் சாய்ந்திருந்தது. ஒன்றில் மட்டும் விரிசல். பிறகு வெளிப்புறம் ஒரு பலகையின் அடியைத் தோண்டினோம். ஒரு முழம் வரை கல் சில்லுகளை இடித்து இடித்து இறுக்கி வைத்திருந்தது. கடப்பாரையின் முனை கூட இறங்கவில்லை. கையால் ஒவ்வொன்றாகப் பெயர்த்து எடுத்தோம். இரண்டடி போனதும் 'டங்' என்று ஒரு சத்தம். பாறை! பலகை நேராகப் பாறை மேல் நின்றுகொண்டிருந்தது.

அஸ்திவாரமே இல்லை என்று சொன்னேனே, அந்த வீட்டின் அஸ்திவாரம் பூமியின் எலும்பு.

நான் அந்தக் குழிக்குள்ளேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். நண்பன், "என்னடா, தலை சுத்துதா?" என்றான். ஆமாம், சுற்றத்தான் செய்தது.

உள்ளதை மறைக்கக் கூடாது. கல் வீட்டில் குறையும் உண்டு. மூன்றரை அங்குலப் பலகை இங்கிலாந்தின் இரண்டடிச் சுவர் ஆகிவிடாது. சித்திரை வெயிலில் மாலை நாலு மணிக்குச் சுவரில் சாய முடியாது; மார்கழியில் இடுக்கு வழியாகப் பனிக்காற்று ஊசி மாதிரி குத்தும். மேலே ஏறிப் பார்த்தால் கைமரத்தில் நாலு, கறையான் பிடித்து மாவாகியிருந்தது. ஆக, நோய் கூரையில். நான் குற்றம் சாட்டியது காலை!

நைனாவிடம் வரைபடத்தைக் காட்டிச் சொன்னேன். "சுவரு நல்லா கீது நைனா. நாலு கைமரம் மாத்தணும். ஓட்டைப் பிரிச்சு அடுக்கணும். கிழக்குப் பக்கம் திறந்து கெடக்குற இடத்தை அடைக்கணும்."

நைனா வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அன்னிக்கு வேற மாதிரி சொன்ன?" என்றார்.

"அன்னிக்கு அளக்கல நைனா."

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும்.

அறுவடை முடிந்து வேலை ஆரம்பித்தோம். இடுக்குகளைச் சிமென்ட் வைத்து அடைத்துவிடலாம், ஒரே நாளில் முடியும் என்றார் மேஸ்திரி. இங்கே மட்டும் நான் பிடிவாதம் பிடித்தேன். சார் சொல்லிக் கொடுத்தது இது: பழைய கல் சுவர் வெயிலுக்கு விரியும், குளிருக்குச் சுருங்கும். சுண்ணாம்புச் சாந்து இளகிய குணம். கல்லோடு சேர்ந்து கொஞ்சம் அசைந்து கொடுக்கும். உள்ளே போன ஈரத்தையும் வெளியே விடும். சிமென்ட் அசையாது. மயிர்க்கோடு மாதிரி ஒரு விரிசல் விடும். அதன் வழியே உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளிருக்கிற மண்ணைக் கரைக்கும். இங்கிலாந்தில் பல பழைய பண்ணை வீடுகளை இப்படிச் சிமென்ட் பூசிக் கெடுத்துவிட்டு, இப்போது அதைச் சுரண்டி எடுத்துச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருக்கிறார்கள். மேஸ்திரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். பாட்டிதான், "அவன் சொல்றதக் கேளுப்பா, எங்க வூட்டுக்காரரும் சுண்ணாம்புதான் வைக்கணும்னாரு. காசில்லாம மண்ண வெச்சாரு" என்றாள். சுண்ணாம்பைத் தொட்டியில் நீற வைத்து, மணல் கலந்து, ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஆடி மழையில் ஒரு சொட்டு கூட உள்ளே வரவில்லை.

வரைபடத்தை முடித்துக் கொடுக்கும்போது ஒரு சிக்கல். பாதி வீடு இல்லையே, என்ன செய்வது? "இடிச்ச பகுதியைப் புள்ளிக் கோட்டில் போடு" என்றார் சார். பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்டுக் கேட்டுப் போட்டேன். இங்கே உரல், இங்கே குதிர், இங்கே பிள்ளை பெற்ற அறை. அந்த அறையில் மூன்றாவது பலகை மேல் சின்னதாக ஏழு கோடுகள். நான் வரைந்ததிலேயே மிகவும் கை நடுங்கி வரைந்த இடம் அது.

பெரியப்பா புது வீடு நல்ல வீடுதான். குறை சொல்ல மாட்டேன். பாம்பு வராது, பெண்களுக்கு உள்ளேயே குளியலறை இருக்கிறது. இதெல்லாம் வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? என் வருத்தம், அவர் புது வீடு கட்டினார் என்பது அல்ல. அவர் ஒரு 'சிவிலு படிக்கிறவன்' வார்த்தையை நம்பி முடிவு எடுத்தார். அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒரு அளவு கூட இல்லை என்பதுதான்.

சென்ற தை மாதம் ஓசூருக்குப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். புதிதாகப் போட்ட ஒரு லேஅவுட் பக்கத்தில் டிராபிக்கில் வண்டி நின்றது. சன்னல் வழியே சும்மா வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நண்பர்களே, நம்புவீர்களோ மாட்டீர்களோ, ஒரு பலகையின் அடியில், மண்ணுக்குச் சற்று மேலே, கோடுகள்! அவசரமாக இறங்கி ஓடினேன். தலைகீழாக நட்டிருந்தார்கள். ஐந்து கோடுகள் வெளியே தெரிந்தன. கையால் மண்ணைத் தள்ளினேன். ஆறு… ஏழு. குறுக்குக் கோடுகள் இரண்டும் இருந்தன.

காவலாளி வந்து, "இன்னா தம்பி, இன்னா தேடறே?" என்றார். என்னவென்று சொல்வது? "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த வாரம் பெரியப்பாவை அழைத்துப் போனேன். அவர் குனிந்து முதல் கோட்டைத் தொட்டார். அது அவருடைய கோடு. வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "பாட்டிகிட்ட சொல்லாதடா" என்றார். சொல்லவில்லை. கல் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. கெட்டுப் போகவில்லை.

நண்பர்களே! இன்னும் சில மாதத்தில் நாம் டிப்ளமோ வாங்கிக்கொண்டு வெளியே போகப் போகிறோம். சிலர் சிப்காட்டில், சிலர் பெங்களூரில், சிலர் கான்ட்ராக்டரிடம். எங்கே போனாலும் ஏதோ ஒரு திண்ணையில் ஒரு பெரியவர் நம்மைப் பார்த்து, "இது நிக்குமா தம்பி?" என்று கேட்கத்தான் போகிறார். அவருக்கு நம் மார்க் தெரியாது; நம்மை அப்படியே நம்புவார். அந்த நேரத்தில் வாயைத் திறக்கும் முன் பையைத் திறப்போம். டேப்பை எடுப்போம், குண்டைத் தொங்கவிடுவோம், ஒரு முழம் தோண்டிப் பார்ப்போம். இடிக்க வேண்டியதாக இருந்தால் தைரியமாக இடிக்கச் சொல்வோம். நிற்கக் கூடியதாக இருந்தால் அதையும் அதே தைரியத்தோடு சொல்வோம்.

அளந்த பிறகு பேசுகிறவன்தான் சிவில் படித்தவன். இதை எனக்குக் கற்றுக் கொடுத்த சாருக்கும், அன்றைக்கே ஒரே கேள்வியில் சொல்லிவிட்ட, பள்ளிக்கூடமே போகாத என் பாட்டிக்கும் இந்தக் கட்டுரை.